ஆயர் இல்லத்தில் என்ன நடக்கிறது?

“இதற்கு ஆயர் இல்லத்திலிருந்து அனுமதி வரவேண்டும்.” பங்குத் தந்தை இவ்வாறு கூறியவுடன் நம் மக்களின் முகம் வாடிப் போவதை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். மகளின் திருமணத்துக்கு மண்டபம் பேசியாயிற்று. அழைப்பிதழும் அச்சாகி வந்தாயிற்று. இந்நேரத்தில் இன்னுமொரு தாள், இன்னுமொரு கையொப்பம், இன்னுமொரு முத்திரை! “கடவுளுக்கும் மனுசனுக்கும் நடுவுல இத்தனை காகிதமா, சாமி?” என்று ஒரு தந்தை சென்ற மாதம் நம்மிடம் கேட்டார். அவருடைய கேள்வியில் கோபம் இருந்தது, களைப்பு இருந்தது, ஓரளவு நியாயமும் இருந்தது.

வேலை அவசரத்தில் அன்று அவருக்கு ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டோம். ஆனால் அவருக்கு உரிய விடையை நாம் தரவில்லை என்ற உறுத்தல் மனத்தில் தங்கிவிட்டது. அவ்விடையை இப்பக்கங்களில் தர முயல்கிறோம். ஏனெனில், ஆயர் இல்லத்தின் பெரிய வாயிலையும் நீண்ட தாழ்வாரத்தையும் பார்த்திருக்கும் நம் குடும்பங்களுள் பல, அத்தாழ்வாரத்துக்கு அப்பால் உள்ள அறைகளில் யார் அமர்ந்திருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்பதை அறியா.

கைம்பெண்களின் முறையீடு

திருச்சபையில் நிர்வாகம் எப்போது தோன்றியது? திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எருசலேம் சபையில் நாள்தோறும் நடந்த பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுந்தது. திருத்தூதர்கள் அதனைத் தள்ளிவிடவில்லை. செபமும் போதனையும் தங்களுக்குரிய பணி என்று கூறிய அவர்களே, பந்திப் பணியைக் கவனிக்க ஆள் வேண்டும் என்பதையும் உணர்ந்தார்கள். நற்சான்று பெற்ற எழுவரைச் சபையாரே தெரிந்தெடுக்கச் செய்து, அவர்கள்மீது கைகளை வைத்து அப்பணியை ஒப்படைத்தார்கள்.

ஆகவே, திருச்சபையின் முதல் அலுவலர்கள் நியமனம் பெற்றது, விடுபட்டுப்போன சில ஏழைப் பெண்களின் பெயர்களுக்காக! புனித பவுல் அடிகளாரும், கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், தூய ஆவியார் சபைக்கு வழங்கும் கொடைகளுள் நிர்வாகம் செய்யும் ஆற்றலையும் சேர்த்தே எண்ணுகிறார். இவ்வுண்மையை மனத்தில் இருத்திக்கொண்டு ஆயர் இல்லத்துக்குள் நுழைவோம்.

ஆயருக்குத் துணை நிற்போர்

மறைமாவட்டத்தை ஆளும் பொறுப்பு ஆயருடையது. ஆனால் ஒருவர் எத்தனை பேரைப் பார்ப்பார்? எத்தனை பங்குகளுக்குச் செல்வார்? ஆகவே அவருக்குத் துணையாக ஓர் ஆட்சியகம் உண்டு. இலத்தீன் மொழியில் அதனைக் ‘கூரியா’ என்பர். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1983-ஆம் ஆண்டு வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பு அதன் பணிகளை மூன்றாகக் கூறுகிறது: மேய்ப்புப் பணியை நெறிப்படுத்துதல், நிர்வாகத்தைக் கவனித்தல், நீதி வழங்குதல். அங்குப் பொறுப்பேற்கும் ஒவ்வொருவரும் கடமையை நேர்மையாய்ச் செய்வதாக வாக்களிக்க வேண்டும். இரகசியம் காக்கவும் வேண்டும்.

அவர்களுள் முதல்வர் முதன்மைக் குரு. ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் ஆயர் ஒருவரை இப்பொறுப்பில் நியமித்தே ஆக வேண்டும். அவர் முப்பது வயது நிரம்பிய குருவாய், இறையியலிலோ திருச்சபைச் சட்டத்திலோ தேர்ச்சி உடையவராய் இருத்தல் வேண்டும். ஆயர் தமக்கென ஒதுக்கிக்கொண்டவையும், ஆயரின் தனி ஆணை தேவை எனச் சட்டம் குறிப்பவையும் நீங்கலாக, மறைமாவட்டம் முழுவதிலும் நிர்வாகச் செயல்களை ஆற்றும் அதிகாரம் அவருக்கு உண்டு. ஆயரின் பதவி வெறுமையாகும்போது முதன்மைக் குருவின் அதிகாரமும் முடிவுறும். அவர் தம் பெயரால் அன்று, ஆயரின் பெயராலேயே ஆள்கிறார் என்பதற்கு இதுவே சான்று.

கத்தோலிக்கர் ஒருவர் திருமுழுக்குப் பெற்ற பிற சபையாரை மணக்க விரும்பினால் அனுமதியும், திருமுழுக்குப் பெறாதவரை மணக்க விரும்பினால் விதிவிலக்கும் வேண்டும். அவ்விண்ணப்பங்கள் பெரும்பாலும் வந்து சேரும் மேசை இதுதான். கத்தோலிக்கராய் உள்ளவர் தம் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராய் வளர்க்க இயன்றதனைத்தும் செய்வதாகவும் வாக்குக் கொடுப்பார். அந்த வாக்குறுதியை மற்றவரும் அறிந்திருக்க வேண்டும். இஃது யார்மீதும் ஐயம் கொண்டு கேட்பதன்று. நாளை தொட்டிலருகே எழக்கூடிய வழக்கை இன்று மேசையருகே பேசித் தீர்த்துவிடுவதே அதன் நோக்கம்.

காணிக்கையும் கணக்கும்

அடுத்த அறை பொருளாளருடையது. பலருக்கும் ஐயம் எழும் அறையும் இதுவே! “நாங்கள் உண்டியலில் போடும் பணம் எங்கே போகிறது?” என்று கேட்பது மக்களின் உரிமை என்றே நாம் கருதுகிறோம். சட்டமும் அதனை மறுக்கவில்லை. திருச்சபைச் சொத்துகளை நிர்வகிப்போர் ஆண்டுதோறும் தலத் திருச்சபையின் ஆட்சியாளரிடம் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்று கூறும் அதே சட்டம், மக்கள் அளித்த காணிக்கைகளைப் பற்றி மக்களுக்கும் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்பதும் சட்டமே.

மறைமாவட்ட அளவிலும் நிதிக்குழு உண்டு. பொருளியலும் நாட்டுச் சட்டமும் அறிந்த நேர்மையாளர் மூவரேனும் அதில் ஐந்தாண்டுகளுக்கு நியமனம் பெறுவர். ஆயரின் நெருங்கிய உறவினர், உறவுமுறையின் நான்காம் படி வரை, இரத்த உறவானாலும் சம்பந்த உறவானாலும் அதில் இடம்பெறக் கூடாது! ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டம் வகுப்பதும், ஆண்டு முடிவில் கணக்கை ஆராய்வதும் அக்குழுவின் வேலை. குறித்த தொகைக்கு மேற்பட்ட நிலையான சொத்தை விற்க வேண்டுமாயின், ஆயரே ஆனாலும் நிதிக்குழுவின் இசைவும் ஆலோசகர் குழுவின் இசைவும் பெற வேண்டும்; தொகை இன்னும் பெரிதானால் திருத்தந்தையின் ஆட்சிப்பீடத்து அனுமதியும் வேண்டும். ஓர் ஏழை மூதாட்டி முந்தானையில் முடிந்து வைத்திருந்து போட்ட காசு அது. அதற்கு இத்தனை காவல் மிகையாகுமா?

உண்மையைத் தேடும் மன்றம்

மூன்றாவது அறை திருச்சபை நீதிமன்றம். ஆயரின் பெயரால் இங்கே நீதி வழங்குபவர் முதன்மைக் குருவாய் இராமல் வேறொருவராய் இருப்பதே முறை. நிர்வாகம் ஒரு கையிலும் நீதி மற்றொரு கையிலும் இருப்பது நல்லதன்றோ?

இந்நீதிமன்றம் திருமணத்தை முறிக்கிறது என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. திருமணம் நடந்த அந்நாளிலேயே அது மெய்யான திருமணமாய் அமைந்ததா என்பதை மட்டுமே அது ஆராய்கிறது. வற்புறுத்தலால் சம்மதித்தாரா, பெரியதொரு வஞ்சனை நடந்ததா, சம்மதம் தரத்தக்க மனநிலை இருந்ததா என்பன போன்றவற்றைச் சாட்சிகளைக் கொண்டு விசாரிக்கிறது. திருமணப் பிணைப்பின் காவலர் என்றொருவர் அங்கே உண்டு. திருமணம் செல்லும் என்பதற்குச் சொல்லக்கூடிய நியாயம் அனைத்தையும் எடுத்துரைப்பது அவர் கடமை. முன்பு இரு நீதிமன்றங்கள் ஒத்த தீர்ப்பு வழங்கினால்தான் முடிவு கிட்டும். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு அவ்விதியை மாற்றினார். மேல்முறையீடு இல்லையெனில் ஒரே தீர்ப்பு இப்போது போதும். வழக்கு இயன்றவரை கட்டணமின்றி நடைபெற வேண்டும் என்பதும் அவரது விருப்பம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இத்தீர்ப்பு நாட்டுச் சட்டத்தின் முன் மணமுறிவு ஆகாது. நம் உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு ஒரு வழக்கில் இதனைத் தெளிவாக்கியது; 2017-ஆம் ஆண்டிலும் அந்நிலையையே உறுதிசெய்தது. ஆகவே, அரசு நீதிமன்றத்திலும் தீர்ப்புப் பெறாமல் மறுமணத்துக்கு நாள் குறிக்கலாகாது.

சாவிக் கொத்து உடையவர்

இனி, நம் மக்கள் அதிகமாய்த் தேடிச் செல்லும் அறைக்கு வருவோம். அச்சில் ‘வேந்தர்’ என்றும் பேச்சில் ‘சான்சலர்’ என்றும் அழைக்கப்படுபவர் இங்கே அமர்ந்திருக்கிறார். பெயர்தான் வேந்தர், அரியணை கிடையாது. இருப்பவை ஓர் எழுதுமேசை, சில அலமாரிகள், ஒரு சாவிக் கொத்து. ஆட்சியகத்தின் ஆவணங்களைத் திரட்டி, ஒழுங்குபடுத்தி, காப்பதே அவருடைய தலையாய பணி. ஆயரின் ஆணைகள் அவரது கையொப்பமோ, அவருக்குத் துணையான பதிவாளரின் கையொப்பமோ பெற்றே வெளிச் செல்கின்றன. ஆவணக் காப்பகத்தின் சாவி ஆயரிடமும் அவரிடமும் மட்டுமே இருக்க வேண்டும். அவர் குருவாய்த்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நற்பெயர் உடைய பொதுநிலையினரும் அப்பணியை ஏற்கலாம். தம் நிலையைப் பற்றிய பொது ஆவணத்தின் படியைக் கேட்டுப் பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்பதையும் நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும்.

அந்த ஆவணங்களுக்கெல்லாம் ஊற்று எது? நம் பங்கு ஆலயத்துப் பதிவேடுகள்தாம். 1563-ஆம் ஆண்டு திரிதெந்தின் பொதுச்சங்கம் திருமுழுக்கையும் திருமணத்தையும் ஏட்டில் பதிய வேண்டும் எனக் கட்டளையிட்டது. அக்காலத்தில் சாட்சியின்றி இரகசியமாய் மணம் புரிந்து, பின்னர் மனைவியைக் கைவிட்டு வேறொருத்தியை மணந்தோர் பலர். ‘எனக்கும் இவருக்கும் மணம் நடந்தது’ என்று கதறிய பெண்ணுக்குச் சான்று இல்லை. 1907-ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆணை, திருமணம் நடந்ததும் அதனை மணமக்களின் திருமுழுக்குப் பதிவேட்டிலும் குறிக்க வேண்டும் என்றது. இன்றைய சட்டமும் அவ்வாறே கூறுகிறது. மணம் நடந்த பங்கின் குரு, திருமுழுக்குப் பெற்ற பங்கின் குருவுக்கு அறிவிப்பு அனுப்புவார். அவர் அப்பெயருக்கு எதிரே, ஏட்டின் ஓரத்தில், ஒரு வரி எழுதி வைப்பார்.

பழைய சான்றிதழ் பெட்டியில் இருக்கப் புதியது எதற்கு என்று கேட்போருக்கு இதுவே விடை. முதல் நற்கருணைக்கு வாங்கிய சான்றிதழ் அதன் பின்னர் நடந்தவற்றைக் கூறாது. அண்மையில் எடுத்த சான்றிதழே அந்த ஓர வரியையும் கொண்டு வரும்.

மறைமாவட்டங்கள் பிரிந்தாலும் இவ்வேடு தன் இடத்திலேயே இருக்கிறது. விளவங்கோடு பகுதியில் ஒரே ஆலயத்தில் கொள்ளுப் பாட்டனார் 1930-க்கு முன் கொல்லம் மறைமாவட்டத்திலும், பாட்டனார் பின்னர் கோட்டாறு மறைமாவட்டத்திலும், பேரப் பிள்ளை 2014-க்குப் பின் குழித்துறை மறைமாவட்டத்திலும் திருமுழுக்குப் பெற்றிருக்கக் கூடும். ஆட்சி எல்லை மாறிற்று. ஆலயமும் ஏடும் மாறவில்லை.

நாம் செய்த பிழை

இவ்வளவும் எழுதும் தகுதி நமக்கு உண்டா என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம். ஏனெனில் இப்போது கூறப்போவது நம் பிழையே.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நாம் உதவிப் பங்குக் குருவாய் இருந்தபோது ஒரு திருமணத்தை நடத்தி வைத்தோம். பெண் நம் பங்கைச் சேர்ந்தவர். மணமகன் தொலைவிலுள்ள வேறொரு பங்கில் திருமுழுக்குப் பெற்றவர். பூசை முடிந்தது, பதிவேட்டில் கையொப்பங்கள் வாங்கினோம், மணமகனின் திருமுழுக்குப் பங்குக்கு அனுப்ப வேண்டிய அறிவிப்பையும் எழுதி முத்திரையிட்டோம். அப்போது நோயாளி ஒருவருக்கு அவசர அழைப்பு வந்தது. தாளைப் பதிவேட்டின் இடையில் செருகிவிட்டுப் புறப்பட்டோம். அதனை மறந்தே போனோம்.

ஏழு ஆண்டுகள் கழித்து, வேறொரு பங்கில் இருந்த நமக்கு ஆயர் இல்லத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அங்கே சான்சலரின் அறையில் அப்பெண் அமர்ந்திருந்தார். மடியில் ஐந்து வயதுச் சிறுவன். கையில் கசங்கிய திருமணப் படம். கணவர் வேலைக்கென்று பெருநகரம் சென்று ஈராண்டாகத் திரும்பவில்லை. அவருக்கு அங்கே பெண் பார்த்துவிட்டதாக உறவினர் ஒருவர் சொல்லக் கேட்டு, எந்த ஆலயம், எந்த நாள் என்று எதுவும் தெரியாமல், விடியற்காலைப் பேருந்து பிடித்து வந்திருந்தார்.

சான்சலர் தம் மேசைமீது இருந்த கட்டை அவிழ்த்துப் பார்த்தார். வேறு மறைமாவட்டத்தில் நடைபெறவிருந்த திருமணத்துக்காக அவ்வாரம் வந்திருந்த தாள்களுள் அம்மனிதரின் திருமுழுக்குச் சான்றிதழும் இருந்தது. அதில் ‘குறிப்பு’ என்ற இடம் வெறுமையாய் இருந்தது. சான்றிதழ் கொடுத்த குரு பொய் எழுதவில்லை. ஏட்டில் இருந்ததையே எழுதினார். அக்குடும்பம் ஊரைவிட்டுப் போய் நெடுங்காலமானதால் ஓலை வாசித்தபோதும் அங்கே தடை சொல்வார் இல்லை. சான்சலர் அக்கணமே அடுத்த மறைமாவட்டத்து அலுவலகத்துக்குப் பேசினார். குறித்த நாளுக்கு இரு நாள்களே இருக்க, அத்திருமணம் நிறுத்தப்பட்டது. ஏதுமறியாத மற்றொரு பெண்ணும் காக்கப்பட்டார்.

நாம் பழைய பங்குக்குச் சென்று திருமணப் பதிவேட்டைத் திறந்தோம். நாம் வைத்த இடத்திலேயே அத்தாள் இருந்தது, மஞ்சளித்துப் போயிருந்தது. அதனை எடுத்துக்கொண்டு ஆயர் இல்லம் சென்றோம். சான்சலர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. “ஃபாதர், இதை நீங்களே கொண்டுபோய் அந்தப் பங்கிலே கொடுத்து, அந்த வரியை எழுதச் சொல்லிப் பார்த்துவிட்டு வாருங்கள்” என்று மட்டும் கூறினார். அப்பெண் கேட்டதுதான் இன்றளவும் நம் காதில் ஒலிக்கிறது: “என் பேரு உங்க புஸ்தகத்துல இருக்குதானே, சாமி?” இருந்தது. ஆனால் இருக்க வேண்டிய மற்றோர் ஏட்டில் இல்லை. அதற்குக் காரணம் நாமே.

அன்றிலிருந்து எந்தத் திருமணத்துக்குப் பின்னும், அறிவிப்பை அஞ்சலில் சேர்க்காமல் நாம் உணவுக்கு அமர்வதில்லை.

குறைகளும் உண்டு

ஆயர் இல்லத்து அலுவலகங்களில் குறையே இல்லை என்று கூற வரவில்லை. தொலைவிலிருந்து வந்த முதியவரைத் தாழ்வாரத்தில் காக்க வைத்துவிட்டு, “நாளைக்கு வாருங்கள்” என்று சொல்லும் வழக்கம் எங்கு இருந்தாலும் அது கிறிஸ்துவின் வழக்கமன்று. ஒரு நாள் கூலியை இழந்து வந்தவருக்கு ‘நாளை’ என்பது இன்னொரு நாள் கூலி. என்ன தாள் வேண்டும் என்பதை முதல் முறையே முழுமையாய்ச் சொல்லாமல் அலைக்கழிப்பதும் குற்றமே. இக்குற்றத்தில் பங்குக் குருக்களாகிய நமக்கும் பங்கு உண்டு.

இதைவிடப் பெரிய குறையையும் திருச்சபை கண்ணீரோடு கற்றுக்கொண்டது. கோப்பு என்பது காக்கவும் கூடும், மறைக்கவும் கூடும். சிறுவர்க்கும் வலுவற்றோர்க்கும் இழைக்கப்பட்ட பாலியல் கொடுமைகள் பல நாடுகளில் அலமாரிகளுக்குள் மௌனமாய்ப் பூட்டப்பட்டன. அதனால்தான் திருத்தந்தை பிரான்சிஸ் 2019-ஆம் ஆண்டு, அத்தகைய முறையீடுகளைப் பெற எளிதில் அணுகத்தக்க ஏற்பாடு ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் இருக்க வேண்டும் என ஆணையிட்டார்; 2023-இல் அதனை நிலையான சட்டமாக்கினார். சிறார்க்கு எதிரான குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம். முறையிட வரும் கைம்பெண்ணுக்குக் கதவு திறக்காத அலுவலகம், எருசலேம் சபையின் அந்த எழுவரை மறந்துவிட்ட அலுவலகமே.

குடும்பங்களுக்குச் சில வேண்டுகோள்கள்

குழந்தையின் திருமுழுக்கு நாளன்றே பதிவேட்டில் பெயர், பிறந்த நாள், பெற்றோர் பெயர் ஆகியவற்றின் எழுத்துகளைச் சரிபாருங்கள். ஓர் எழுத்துப் பிழை இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துக் கண்ணீர் வரவழைக்கும். திருமுழுக்குப் பெற்ற பங்கின் பெயரையும் நாளையும் குடும்ப விவிலியத்தின் முதற்பக்கத்தில் எழுதி வையுங்கள்.

மண்டபம் பேசுமுன் பங்குத் தந்தையைப் பாருங்கள். மூன்று மாதங்களேனும் முன்னதாக வாருங்கள். ஓலை வாசிக்கும்போது கவனித்துக் கேளுங்கள். தடை ஒன்றை அறிந்திருந்தும் பேசாதிருப்பது பெருந்தன்மை ஆகாது. பதிவேடு அழிந்து போயிற்றா? அஞ்ச வேண்டா. யாருக்கும் தீங்கு விளையாத இடத்தில், நம்பத்தகுந்த ஒரு சாட்சியின் சொல்லே திருமுழுக்குக்குச் சான்றாகும்.

இறுதியாக, திருமணம் முடிந்த மறுவாரம் உங்கள் பங்குத் தந்தையிடம், “திருமுழுக்குப் பங்குக்கு அறிவிப்பு அனுப்பியாயிற்றா, சாமி?” என்று பணிவோடு கேளுங்கள். அவர் வருத்தப்படமாட்டார். அன்று நம்மிடம் யாரேனும் அப்படிக் கேட்டிருந்தால் நாம் எவ்வளவு நன்றியோடு இருந்திருப்போம்!

சென்ற மாதம் கேள்வி கேட்ட அந்தத் தந்தைக்கு இதோ நம் விடை: கடவுளுக்கும் மனிதனுக்கும் இடையே காகிதம் இல்லை, ஐயா. அக்காகிதம் உங்கள் மகளுக்கும் அவளை ஏமாற்றக் கூடியவனுக்கும் இடையே நிற்கிறது. அது வர நான்கு நாள் கூடுதலாய் ஆகலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். அதனை விரைந்து அனுப்புவதும், முகமலர்ச்சியோடு தருவதும் எங்கள் கடமை. நல்லாயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார்; அப்பெயர்களுள் ஒன்றையேனும் விட்டுவிடாமல் எழுதி வைக்கும் அருளை அவர் நமக்குத் தருவாராக!